பதிமூணு இஞ்சுப் பெட்டி

வைகைக் கரையிலிருந்து வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டுவந்து மதுரைக்குக் கிழக்கே இறக்கிவிடப்பட்ட சனங்கள், வாரியக் குடியிருப்பின் ஒற்றை அறை வீடுகளில் பால் காய்ச்சிக் குடியேறினார்கள். சுவரில் சுண்ணாம்பு வாசனை போவதற்குள்ளேயே ஆட்கள் மடங்க ஆரம்பித்துவிட்டார்கள். அதை அங்கே யாரும் அதிசயமாகச் சொல்வதில்லை. லாரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வர ஆரம்பித்தது, மாடிப்படியில் நாய் குட்டி போட்டது, ஆட்கள் மடங்க ஆரம்பித்தார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

வீட்டுச் சாவியோடு ஆளுக்கொரு கட்ட அலமாரியும் கிடைத்திருந்தது. பெயர் யாருக்கும் நினைவில் நிற்காத ஏதோ ஒரு கம்பெனி தர்மமாகக் கொடுத்தது. மேலே மூன்று, நடுவே மூன்று, கீழே மூன்று என்று சதுரச் சதுரமாகக் கட்டங்கள். கதவு கிடையாது, தட்டு கிடையாது. சுவரோடு சேர்த்து முடுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். பானையை வைத்தால் பாதி வெளியே நின்றது, துணியை வைத்தால் சரிந்து விழுந்தது. இருக்கிற கொஞ்ச இடத்தையும் அடைத்துக்கொண்டு நிற்கிற அந்தச் சனியனைப் பார்த்துப் பெண்கள் வைத வசவு கொஞ்சநஞ்சமில்லை.

முதலில் மடங்கியது வீரணன். பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் காவல் வேலை பார்க்கிறவன், ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தான். உள்ளே சனம் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மகன் “கொஞ்சம் தள்ளிக்கப்பா” என்றான், தள்ளினான்; ஆத்தா “கொஞ்சம் ஒதுங்குடா” என்றாள், ஒதுங்கினான்; பெண்டாட்டி அழகுராணி “இப்பிடி நடுவுல நின்னா நான் எங்கிட்டுப் போறது” என்றாள், அதற்கும் நகர்ந்தான்; நகர்ந்து நகர்ந்து அலமாரிப் பக்கம் போய், கீழ்க் கட்டத்தில் கால் மடங்கி, அந்தக் கால்மேல் வயிறு மடங்கி, அதன்மேல் தலை மடங்கி, இஸ்திரிக்கு மடித்துக் கொடுத்த வேட்டி மாதிரி அடங்கிவிட்டான். அழகுராணி தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

“என்னங்க, இங்க வந்து படுத்துக்கிட்டீக? சோறு?”

“வேணாம்டி. வயிறு எங்க இருக்குன்னு தெரியலை,” என்றது உள்ளிருந்து அவன் குரல், பனியன் பொட்டலத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

 அழகுராணி சோற்றைத் திரும்பப் பானையில் கொட்டிவிட்டு உட்கார்ந்து காலை நீட்டினாள். இந்த வீட்டுக்கு வந்தபிறகு அவள் காலை நீட்டி உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

அதிலிருந்து செய்முறை எல்லோருக்கும் புரிந்துபோயிற்று. ஒரு ஆளைப் பார்த்துத் தள்ளு, ஒதுங்கு, அங்கிட்டுப் போ என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தால், ஈரத்தில் வைத்த அப்பளம் மாதிரி மூட்டு மூட்டாக இளகிவிடும். அப்புறம் பிள்ளைகள்கூட மடித்துவிடலாம். வலி கிடையாது, பசி கிடையாது. முதல் மாதத்தில் பேச்சு இருக்கும், அப்புறம் ம் கொட்டல் மட்டும் இருக்கும், அப்புறம் அதுவும் இருக்காது, மூச்சு மட்டும் உள்ளே போய் வெளியே வரும். ரேஷன் கடையில் கைரேகை கேட்டால் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு மூலையைப் பிரித்துக் கட்டைவிரலை வெளியே இழுத்து மிஷினில் வைத்தார்கள். கடைக்காரர், “விரலைத் துடைச்சுட்டுக் கொண்டாங்கம்மா, தூசியா இருக்கு,” என்று மட்டும் சொன்னார்.

தூசிதான் தொல்லை. வெறும் கட்டத்தில் வைத்த ஆள் வாரம் திரும்புவதற்குள் தளர்ந்து, ஒரு கால் வெளியே தொங்கி, போகிறவர் வருகிறவர் காலைத் தடுக்கியது. பல்லி ஏறியது, எலி கொறித்தது. பெட்டியில் போட்டுக் கட்டத்துக்குள் தள்ளினால் அப்படியே நின்றது. ஆனால் அந்தப் பாழாய்ப்போன கட்டம் பதிமூணு இஞ்சு. கீழவாசல் முழுக்கத் தேடினாலும் துணி போர்த்த அட்டைப் பெட்டி பன்னிரண்டில் கிடைத்தது, பதினாலில் கிடைத்தது. பன்னிரண்டில் போட்டால் மூக்கு நசுங்கி உள்ளே இருக்கிறவர் பகலெல்லாம் முனகினார். பதினாலோ கட்டத்துக்குள்ளேயே போகாது. பதிமூணு இஞ்சுப் பெட்டியைப் பெரிய கடைகளில் கண்ணாடிக்குள் வைத்து, பட்டுச் சேலை விலை சொன்னார்கள்.

பெட்டியை யார் வாங்குவது என்பதில் முதலில் அடிதடியே நடந்தது. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். செத்தவளுக்குக் கோடித்துணி பிறந்த வீட்டிலிருந்துதானே வரவேண்டும், மடங்குகிறவளுக்கும் பெட்டி அங்கேயிருந்துதான் வரவேண்டும் என்று முடிவாயிற்று. தாம்பாளத்தில் தேங்காய், பழம், மஞ்சள், அதற்கு முன்னால் பெட்டி. பிறந்த வீட்டுப் பெட்டி வராமல் ஒரு பெண்ணை மடிப்பது கேவலம். வந்த பெட்டி அன்று பொழுது சாய்வதற்குள் நிறையாமல் கிடப்பது அதைவிடக் கேவலம். கொண்டுவந்த வீடே விளங்காமல் போய்விடும். இந்த வழக்கம் என்னவோ பாண்டியன் காலத்திலிருந்து இருப்பது மாதிரி இரண்டே மாதத்தில் எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள்.

பூரணம் இன்னும் நிமிர்ந்து நடமாடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் இந்த வழக்கம்தான்.

பூரணத்தைச் சிவகங்கைப் பக்கம் கட்டிக்கொடுத்து, பிள்ளையில்லை என்று அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள். அண்ணன் கார்மேகம் வீட்டில்தான் இருந்தாள். கார்மேகம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். டீக்கடையில் பாதி டீ வாங்கி இரண்டு பேராகக் குடிக்கிற கை. மதினி பஞ்சவர்ணம், பிள்ளைகள் இரண்டு, இவள் ஒருத்தி. கீழ்க் கட்டங்கள் மூன்றும் காலியாக இருந்தன. பஞ்சவர்ணம் சாமான் தேய்க்கும்போதும், சாதம் வடிக்கும்போதும், தலை சீவும்போதும் அந்தக் காலிக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“உங்க தங்கச்சிக்கு ஒரு பெட்டி வாங்கக் கூடாதா? பிறந்த வீடும் இதான், புகுந்த வீடும் இதான். வேற யாரு வந்து வாங்கித் தரப்போறா?”

“வாங்குவோம்டி. சல்லிசாக் கெடைக்கட்டும்.”

“யாரு தேடுறது?”

கார்மேகம் யோசிக்கவே இல்லை. “பூரணமே தேடட்டும். அவ கடை கண்ணி ஏறி இறங்குறவ. விலை பேசத் தெரியும்.”

இப்படித்தான் பூரணம் தன் பெட்டியைத் தானே தேடப் புறப்பட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் தலையை முடிந்துகொண்டு, மஞ்சள் பையை மடித்து இடுக்கிக்கொண்டு பஸ் ஏறுவாள். விளக்குத்தூணில் இறங்கி, பாத்திரக் கடைச் சந்து, பிளாஸ்டிக் கடைச் சந்து, பொம்மைக் கடைச் சந்து என்று ஒன்று விடாமல் நுழைந்து, கண்ணில் படுகிற பெட்டிக்குள்ளெல்லாம் கையை விட்டு முழங்கை முதல் விரல் முட்டுவரை வைத்துப் பார்ப்பாள். அந்த அளவு பதிமூணு இஞ்சுக்கு மயிரிழை பிசகாது. பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து பையை உதறுவாள்.

“பன்னெண்டுதான் இருக்கு மதினி. அடுத்த வாரம் சரக்கு வருதாம்.”

அடுத்த வாரம், “வந்துச்சு மதினி, எல்லாம் பதினாலு,” என்பாள். அதற்கடுத்த வாரம், “பதிமூணுதான், ஆனா ஆனை விலை சொல்றான்,” என்பாள். ஆனை விலை என்ற சொல்லைக் கேட்டதும் கார்மேகம் தட்டுக்குள் குனிந்துகொள்வான். அண்ணனின் கஞ்சத்தனத்தைப் பூரணம் தினமும் காலையில் எழுந்ததும் மனசுக்குள் கும்பிட்டாள்.

உண்மையில் பதிமூணு இஞ்சுப் பெட்டி மலிவாகக் கிடைக்கிற இடத்தை அவள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள். கீழவாசலில் ஜமால் பாய் என்று ஒருவர், கடைகளில் கழித்துப் போட்ட பதினாலு இஞ்சுப் பெட்டிகளை வாங்கிக் குவித்து வைத்திருந்தார்.

“இதைப் பிரிச்சு ஒரு இஞ்சு பிடிச்சுத் தைச்சுத் தாங்க பாய்.”

“ஏம்மா, இது என்ன ஜாக்கெட்டா, பிடிச்சுத் தைக்கிறதுக்கு?”

“ஜாக்கெட்டுன்னா எங்க தெருவுலயே தையக்காரன் இருக்கான். உங்ககிட்ட எதுக்கு வர்றேன்?”

“வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்ல. யாருக்கு இது?”

“எதிர் வீட்டுல. அழகுராணி அக்கா மாமியாருக்கு. அவக பிறந்த வீட்டுல காசு குடுத்து விட்டிருக்காக.”

“உனக்குன்னு ஒண்ணு தேடுறதாச் சொன்னியே?”

பூரணம் பாயின் முகத்தைப் பார்க்காமல் பெட்டியின் மூலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “எனக்கு எங்கயும் கெடைக்காது பாய். இந்த மதுரையிலயே கெடைக்காது.”

பாய் கத்தரியை எடுத்தார்.

அக்கம்பக்கத்தில் பூரணத்துக்குக் கைராசிக்காரி என்று பெயர். அவள் வாங்கிக் கொடுத்த பெட்டியில் போன ஆள் அவிழ்வதில்லை, வாடை அடிப்பதில்லை. பெட்டி வாங்கித் தருவது மட்டும் மதினி காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டாள். மடிப்பதற்கும் அவளையே கூப்பிட்டார்கள். அழகுராணியின் மாமியாரை மடிக்கும்போது அந்தக் கிழவி, “ஏத்தா பூரணம், கொஞ்சம் ஒருக்களிச்ச மாதிரி வையி, ஜன்னல் தெரியட்டும்,” என்று கெஞ்சினாள். பூரணம் சரி ஆத்தா, சரி ஆத்தா என்று சொல்லிக்கொண்டே சுவரைப் பார்க்க வைத்துத் தள்ளினாள். முகம் வெளிப்பக்கம் இருந்தால் ஓயாமல் பேச்சுக் கொடுப்பார்கள் என்று எல்லா வீட்டுக்காரர்களும் சொல்லியிருந்தார்கள். வேலை முடிந்ததும் அழகுராணி ஒரு கிண்ணம் கறிக்குழம்பு கொடுத்தாள். நல்ல குழம்பு. பூரணம் படியில் உட்கார்ந்து விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டாள். அடுத்தவளுக்குப் பெட்டி தேடிக் கொடுத்துக்கொண்டிருக்கும்வரை தன்னை யாரும் மடிக்க மாட்டார்கள் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

அந்தக் குழம்புதான் காட்டிக் கொடுத்தது. கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன பஞ்சவர்ணம், அழகுராணி வீட்டுக் கட்டத்தில் பச்சைத் துணி போர்த்த பெட்டி இம்மியும் இடைவெளியில்லாமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள்.

“யாரு வாங்கித் தந்தாக்கா?”

“வேற யாரு, உன் நாத்தனாதான். ஆனை விலையெல்லாம் இல்லடி, சொன்னா சிரிப்ப. ஒரு கிலோ கறி விலை.”

பஞ்சவர்ணம் சத்தம் போடவில்லை. வீட்டுக்கு வந்து, பூரணத்துக்கு எதிரில் உட்கார்ந்து, வெங்காயத்தை உரித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்:

“வர்ற வெள்ளிக்கிழமை நானும் வர்றேன் கடைக்கு. நீ ஒத்தையில அலையிறது எனக்கே பாவமா இருக்கு. இப்பக் கொஞ்சம் தள்ளி உக்காரு, வெளிச்சத்தை மறைக்கிற.”

பூரணம் தள்ளி உட்கார்ந்தாள். முழங்கால் மூட்டு இரண்டும் வெண்ணெய் மாதிரி வழுக்கிக் கொடுத்தன.

மறுநாள் காலையிலேயே, மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மேலூர் பஸ்ஸில் ஏறினாள். மேலூருக்குப் பக்கத்தில் பஞ்சவர்ணத்தின் அண்ணன்மார் மூன்று பேர் இருந்தார்கள், கரும்பும் வாழையுமாக வசதியானவர்கள். மூத்தவன் சோணைமுத்துவுக்கு மீசையைவிட ரோஷம் நீளம். வாழைத்தோப்பில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

“வா தாயி. என்ன திடுதிப்புன்னு? பஞ்சவர்ணம் நல்லா இருக்காளா?”

பூரணம் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “நல்லாத்தான் இருக்காக மச்சான். நாலு பேரு பேசுற பேச்சுதான் கேக்க முடியலை. குடியிருப்புல அன்னாடங்காய்ச்சி வீட்டுப் பொம்பளைகளுக்கெல்லாம் பிறந்த வீட்டுச் சீரு வந்துருச்சு. பெட்டி, பழம், மேளம்னு வந்து இறங்குது. மூணு அண்ணன்மாரு இருந்தும் மதினிக்கு ஒரு பெட்டி வரலையேன்னு தண்ணி லாரிகிட்ட நின்னு சிரிக்கிறாளுக. மதினி வெளிய சொல்லாம உள்ளுக்குள்ளயே அழுவுறாக.”

“பெட்டியா? என்ன பெட்டி?”

“சீருப் பெட்டிதான் மச்சான். பதிமூணு இஞ்சு. இப்ப அதான் மதிப்பு.”

சோணைமுத்து எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினான். “எவடி அவ சிரிச்சவ? எங்க தங்கச்சிக்கு நாங்க செய்ய மாட்டோமா? பெட்டி எங்க கெடைக்கும்?”

“அந்தக் கவலை உங்களுக்கு எதுக்கு? கீழவாசல்ல நான் சொல்லி வச்சிருக்கேன்,” என்றாள் பூரணம்.

வியாழக்கிழமை சாயங்காலம் வேன் வந்து நின்றது. மேளம் முன்னால், தாம்பாளங்கள் பின்னால், எல்லாவற்றுக்கும் நடுவே சரிகைக் கரை வைத்துத் தைத்த சிவப்புத் துணிப் பெட்டியைத் தலையில் தாங்கிக்கொண்டு சோணைமுத்து. அத்தனை மாடியிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். இவ்வளவு பெரிய சீர் அந்தக் குடியிருப்புக்கு அதுவரை வந்ததில்லை.

பஞ்சவர்ணம் கையில் கரண்டியோடு வாசலில் நின்றாள். “எதுக்குண்ணே இது? யாரு கேட்டா?”

“கேட்டுத்தான் செய்யணுமாத்தா? ஊர் வாய அடைச்சாச்சு பாரு,” என்றான் சோணைமுத்து, சுற்றி நின்றவர்களைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு.

“ஐயோ, இது சீரில்லண்ணே. இது ஆளப் போடுற பெட்டி. எடுத்துட்டுப் போ.”

கூட்டத்தில் சளசளப்பு எழுந்தது. சீரைத் திருப்புகிறாள் என்றார்கள். அண்ணன்மாரை அவமானப்படுத்துகிறாள் என்றார்கள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சோணைமுத்துவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.  ஆனால் மேளக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தனை மாடியும் பார்த்துக்கொண்டிருந்தது. இனி பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வேனில் ஏறுகிற தைரியம் அந்த மீசைக்கு இல்லை.

“ஏத்தா,” என்றான், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு. “அண்ணன் மானத்துக்குக் கொஞ்சம் இறங்கி வாயேன்.”

நடு அண்ணனும் கொஞ்சம் இறங்கி வா என்றான். சின்ன அண்ணனும் சொன்னான். மார்க்கெட்டிலிருந்து வந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்த கார்மேகம், விஷயம் தெரியாமலே, “வழிய விட்டு அங்கிட்டு ஒதுங்கேன்டி,” என்றான். பஞ்சவர்ணத்தின் கையிலிருந்த கரண்டி விழுந்தது. முழங்கால் மடங்கியது.

மடிப்பதற்குக் கைராசிக்காரியைக் கூப்பிட்டார்கள். பூரணம் மஞ்சள் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு வந்து, மதினியின் காலைச் சேர்த்து, வயிற்றைச் சேர்த்து, தலையைக் கடைசியாகச் சேர்த்தாள். பூரணத்தின் காது அவள் வாய்க்குப் பக்கத்தில் வந்தபோது பஞ்சவர்ணம் கேட்டாள்: “நீதானடி மேலூருக்குப் போன?”

“ஆமா மதினி,” என்று பூரணம் மெதுவாகச் சொல்லி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பித் தள்ளினாள். அளவு சரியாக இருந்தது.

அதன்பிறகு பூரணத்துக்கு நல்ல காலம். அடுப்பு அவளுடையது, அரிசிப் பானை அவளுடையது, ஜன்னலோரப் பாய் அவளுடையது. காலைகளில் அவள் நடு அறையில் இரண்டு கையையும் அகல விரித்துச் சோம்பல் முறித்தாள். கடுகு எங்கே என்று தேடினால், “மேல இடதுபக்க டப்பா,” என்று பெட்டிக்குள்ளிருந்து பதில் வந்தது. சில நாளில் “ம்” மட்டும் வந்தது. அப்புறம் கடுகை அவளே தேடிக்கொண்டாள். பிள்ளைகள் ரெண்டு நாள் அழுதன. மூன்றாம் நாள் பெட்டிக்கு மேலுள்ள விளிம்பில் கால் வைத்து ஏறி உச்சிக் கட்டத்திலிருந்த பந்தை எடுத்தன.

பூரணம் நினைத்துப் பார்க்காதது ஒன்று இருந்தது. டீக்கடை.

“மேலூர்க்காரன்னா மேலூர்க்காரன்தான்யா. தங்கச்சிக்கு என்னா சீரு!” என்பான் ஒருவன், கார்மேகம் காதில் விழுகிற மாதிரி.

“நம்ம கார்மேகத்துக்கும் ஒரு தங்கச்சி இருக்கே,” என்பான் இன்னொருவன்.

“இருக்கு இருக்கு. நடமாடிக்கிட்டு இருக்கு. அண்ணன்காரன் பெட்டி வாங்கிக் குடுக்காம அந்தப் பிள்ளை நிமிந்தே கெடக்கு பாவம்.”

கார்மேகம் பாதி டீயையும் குடிக்காமல் எழுந்து வந்தான். அதுவரை காசுக்கு மட்டுமே வலிக்கிற மனுஷனாக இருந்தவனுக்கு முதன்முதலாக வேறெங்கோ வலித்தது. மச்சான்மார் தன் வாசலில் மேளம் அடித்துவிட்டுப் போனது இராத்திரியும் பகலும் காதுக்குள் அடித்தது. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தான். தங்கச்சியைப் பார்க்கும்போதெல்லாம் கண் கலங்கினான். உடம்பு சரியில்லை போல என்று பூரணம் அவனுக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள்.

ஒரு சாயங்காலம் தெரு முனையில் அதே மேளம் கேட்டது. பூரணம் யார் வீட்டுச் சீர் என்று பார்க்கப் படியிறங்கி ஓடினாள். கூட்டத்துக்கு முன்னால், புதுத் துண்டைச் சும்மாடு கட்டி, தலையில் பெட்டி வைத்து, அண்ணன் வந்துகொண்டிருந்தான். துணிப்பெட்டி இல்லை. தேக்கு. மூலைக்கு மூலை பித்தளை, முன்னால் பித்தளைப் பிடி, திறந்தால் உள்ளே ஊதா வெல்வெட்டு.

“கொடுத்து வச்சவடி நீ!” என்று அழகுராணி ஓடிவந்து பூரணத்தின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். அந்த வீட்டில் இனி யார் சோறு ஆக்குவது, பிள்ளைகளுக்கு யார் தலை வாருவது என்று ஒருவரும் கேட்கவில்லை. மானம் என்று வந்துவிட்டால் அப்படியெல்லாம் கேட்கிற பழக்கம் அங்கே இல்லை.

பூரணம் திரும்பிப் பார்த்தாள். படி முழுக்க ஆட்கள். எல்லோர் முகத்திலும் பிரியம் வழிந்தது. அதைத் தாண்டிக்கொண்டு ஓட முடியாது. ஆனாலும் அவள் கால்கள் இன்னும் உறுதியாகத்தான் நின்றன. தள்ளு என்று ஒருவரும் சொல்லவில்லையே. கார்மேகம் பெட்டியை அவள் காலடியில் இறக்கினான். அவள் பித்தளையைச் சுண்டிப் பார்த்தாள், வெல்வெட்டை நிமிண்டிப் பார்த்தாள், ஏதாவது ஒரு கோணல், ஒரு விரிசல், திருப்பிக் கொடுக்க ஒரு சாக்கு கிடைக்காதா என்று நாலு பக்கமும் சுற்றி வந்தாள்.

“எவ்வளவுண்ணே குடுத்த?”

கார்மேகம் சொன்னான்.

“அடப்பாவி!” என்று தலையில் கையை வைத்தாள். “உன் தலையில நல்லா மொளகா அரைச்சுட்டான். இதுல பாதிக்கு நான் முடிச்சுத் தந்திருப்பேனே! வா, இப்பவே போயி மாத்திட்டு வருவோம். பத்து நாள் டயம் குடு, இதைவிட நல்லதா, சல்லிசா…”

கூட்டம் சிரித்தது. கார்மேகம் சிரிக்கவில்லை. வியர்வையையும் கண்ணீரையும் ஒரே துடைப்பாகத் துண்டில் துடைத்துக்கொண்டு அவள் தலையில் கையை வைத்தான்.

“போகட்டும் தாயி. உனக்குத்தானே,” என்றான்.

பூரணத்துக்காக அப்படி ஒரு வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை. சிவகங்கையில் சொன்னதில்லை, பெற்றவர்கள் சொன்னதில்லை, இந்த அண்ணனும் சொன்னதில்லை. அவள் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்க வாயைத் திறந்தாள்; அதற்குள் உச்சந்தலையிலிருந்து பாதம்வரை அத்தனை மூட்டும் ஒன்றாக இளகிவிட்டது.